ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால்: வீடா, டார்மா, அபார்ட்மென்ட்டா?

ஹூஸ்டனைச் சுற்றி சுகர்லேண்ட், பியர்லேண்ட், கேட்டி என்று குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் ஏப்ரல் மாதம் முழுக்க இந்தப் பேச்சுதான். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகிற தூரம்தான். அப்புறம் எதற்கு டார்முக்கு, அதாவது வளாகத்திலுள்ள மாணவர் விடுதிக்கு, தனியாகப் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி நியாயமானது. அறையும் சாப்பாடும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது. டெக்சஸில் வசிக்கும் மாணவர் கட்டுகிற படிப்புக் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட இணையான தொகை இது. அடுத்த பிள்ளை வரிசையில் நிற்கும்போது எந்தப் பெற்றோரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுக்கும் கட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, முதல் ஆண்டுக்கு மட்டுமாவது டார்மில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பத்தாயிரம் டாலரை எந்த ஆண்டில் செலவழித்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கான காரணம் இந்தப் பல்கலைக்கழகம் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது.

இது 1927இல் ஜூனியர் கல்லூரியாகத் தொடங்கியது. சொந்தக் கட்டடம் கிடையாது. சான் ஹசின்டோ உயர்நிலைப் பள்ளியில் பகலில் பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்கள், மாலையில் அதே வகுப்பறைகளில் கல்லூரி நடக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலை பார்த்தவர்கள். 1934இல் பல்கலைக்கழகமானது, 1939இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1953இல் கேயுஎச்டி என்ற கல்வித் தொலைக்காட்சி நிலையத்தை, அமெரிக்காவிலேயே முதலாவதாக, இங்கேதான் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவில் வீட்டிலிருந்தே பார்த்துப் படிக்கட்டும் என்று பாடங்களை அதில் ஒளிபரப்பினார்கள். உழைக்கும் மக்களுக்குப் படிப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் என்ற வகையில் இது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் வகுப்புக்கு வருவது, முடிந்ததும் கிளம்புவது என்ற பழக்கமும் அப்போதே இங்கே ஊறிவிட்டது.

அந்தப் பழக்கத்தை விளையாட்டு வெற்றிகளால்கூட மாற்ற முடியவில்லை. 1968 ஜனவரியில் ஆஸ்ட்ரோடோம் என்ற ஹூஸ்டன் விளையாட்டரங்கில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றிருந்த யுசிஎல்ஏ கூடைப்பந்து அணியை ஹூஸ்டன் 71–69 என்று தோற்கடித்தது. எல்வின் ஹேய்ஸ் ஆடிய ஆட்டம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஹக்கீம் ஒலாஜுவானும் கிளைட் டிரெக்ஸ்லரும் இருந்த அணியை நாடே வேடிக்கை பார்த்தது. 1983, 1984 இரண்டு ஆண்டும் தேசிய இறுதிப்போட்டி வரை போனார்கள். அப்படியும் வளாகம் மாலையானால் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்கக் கால்பந்து அணி 1965 முதல் 1997 வரை ஆஸ்ட்ரோடோமில் ஆடியது. சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்க ஊரின் வேறொரு மூலைக்கு கார் எடுத்துக்கொண்டு போக வேண்டும்! 'கம்யூட்டர் ஸ்கூல்', அதாவது வீட்டிலிருந்து போய்வருகிறவர்களின் கல்லூரி, என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

திருப்பம் வந்தது கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில்தான். உத்தரப் பிரதேசத்தில் பிறந்து, மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்த ரேணு கட்டோர் 2008 ஜனவரியில் தலைவராகப் பொறுப்பேற்றார். அடுத்தடுத்து விடுதிகள் எழுந்தன. 2010இல் கூகர் வில்லேஜ், 2013இல் அதன் இரண்டாவது கட்டடம், அதே ஆண்டு புதிதாகக் கட்டப்பட்ட கூகர் பிளேஸ், 2020இல் பழைய விடுதிகளை இடித்துக் கட்டிய குவாட். 2014இல் நாற்பதாயிரம் பேர் உட்காரும் கால்பந்து மைதானம் வளாகத்துக்குள்ளேயே திறக்கப்பட்டது. 2015இல் மெட்ரோ ரயிலின் பர்ப்பிள் லைன் மைதானத்தின் பக்கத்திலேயே வந்து நின்றது. 2018 கடைசியில் ஃபெர்டிட்டா சென்டர் என்று கூடைப்பந்து அரங்கம் புதுப்பிறவி எடுத்தது. 2023இல் பிக் 12 என்ற பெரிய கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். 2025 ஏப்ரலில் கூடைப்பந்து தேசிய இறுதிப்போட்டியில் ஃப்ளோரிடாவிடம் 65–63 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

அறுபதுகளிலும் எண்பதுகளிலும் வராத ஸ்கூல் ஸ்பிரிட் இப்போது எப்படி வந்தது? வெற்றிகள் அப்போதும் இருந்தன. இல்லாதவை கட்டில்கள். ஆட்டம் முடிந்த பிறகு நடந்தே அறைக்குப் போய், நள்ளிரவு வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வளாகத்திலேயே வேண்டும். அவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மொத்த மாணவர்கள் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேல். வளாகத்தில் தங்குகிறவர்கள் சுமார் எட்டாயிரம். அதாவது ஆறில் ஒருவர். டெக்சஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினிலோ, டெக்சஸ் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனிலோ சேர்ந்தால் ஊரே பல்கலைக்கழகத்தின் நிறத்தில் இருக்கும். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் அந்த உற்சாகம் பிள்ளையைத் தேடி வரும். ஹூஸ்டனில் அப்படி இல்லை. இங்கே அது மாலை ஐந்து மணிக்குப் பிறகு, குறிப்பிட்ட சில கட்டடங்களைச் சுற்றித்தான் உயிரோடு இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை அங்கே இருக்கிறதா, நெடுஞ்சாலையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அதன் கல்லூரி வாழ்க்கையே வேறாகிவிடும்.

வீட்டிலிருந்து போய்வருவது

பணம் மிச்சம். அம்மா கைச் சாப்பாடு. கடன் இல்லாமல் பட்டம். இந்த மூன்றையும் லேசாகச் சொல்லித் தள்ளிவிட முடியாது. குடும்பத்தில் ஒருவர் வேலை இழந்திருந்தாலோ, பாட்டியோ தாத்தாவோ பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தாலோ பிள்ளை வீட்டில் இருப்பதுதான் சரி. அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

மற்றவர்கள் தூரத்தை மைலில் அளக்காமல் நேரத்தில் அளக்க வேண்டும். பியர்லேண்டிலிருந்து 288 வழியாகப் போவது ஒரு மாதிரி. சுகர்லேண்டிலிருந்து 69இல் போவது வேறு. கேட்டியிலிருந்து ஐ-10இல் முப்பது மைல் வருவது இன்னொரு உலகம். காலை எட்டு மணி வகுப்புக்குக் கேட்டியில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று, அந்த வழியில் தினமும் வேலைக்குப் போகும் அப்பாவுக்கே தெரியும். இதில் கனமழை நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டனில் அரை மணி நேரம் கொட்டினால் நெடுஞ்சாலையை ஒட்டிய ஃபீடர் சாலைகளில் தண்ணீர் நிற்கும். பார்க்கிங் பெர்மிட், பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பிள்ளைக்கென்று ஒரு கார் ஆகியவற்றையும் கூட்டினால் 'மிச்சம்' என்று நினைத்த தொகை கணிசமாகச் சுருங்கும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. போய்வரும் மாணவர் வகுப்புகளையெல்லாம் இரண்டு, மூன்று நாட்களுக்குள் அடுக்கிக்கொள்வார். செவ்வாயும் வியாழனும் காலையிலிருந்து மாலைவரை ஓட்டம், மற்ற நாட்களில் வீடு. புத்திசாலித்தனமான ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் மாணவர் சங்கங்கள் கூடுவது மாலை ஆறுக்கும் ஏழுக்கும். குழுவாகச் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட் என்றால் 'எட்டு மணிக்கு லைப்ரரியில் பார்ப்போம்' என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். ஐந்து மணி நெரிசலுக்கு முன் தப்பிக்க வேண்டும் என்று இரண்டு மணிக்கே கிளம்புகிற பிள்ளைக்கு இவை எதுவும் கிடைக்காது. பள்ளியில் கூடப் படித்த நண்பர்களோடுதான் வார இறுதி கழியும். கல்லூரியில் புதிதாக யாரையும் தெரியாமலேயே இரண்டாம் ஆண்டு வந்துவிடும்.

ஃப்ரான்டியர் ஃபியஸ்டா என்று ஒரு விழா இங்கே உண்டு. 1940இல் தொடங்கி, ஐம்பதுகளின் கடைசியில் நின்றுபோய், தொண்ணூறுகளில் மாணவர்கள் மீண்டும் உயிர்கொடுத்த விழா. பழைய மேற்கத்திய ஊர் போல மாணவர் குழுக்களே முகப்புகளையும் மேடைகளையும் எழுப்பி, ஆட்டம் பாட்டத்தோடு நிகழ்ச்சி நடத்துவார்கள். விழாவுக்கு ஒரு பார்வையாளராக யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அதன் சுவை வாரக்கணக்கில் இரவில் ஒத்திகை பார்ப்பதிலும், பலகை அறைவதிலும், பெயின்ட் அடிப்பதிலும்தான் இருக்கிறது. அந்த வேலை நடக்கும் நேரத்தில் வளாகத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அது வாய்க்கும்.

கூடைப்பந்தும் அப்படியே. ஃபெர்டிட்டா சென்டரில் ஏழாயிரம் பேருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று ஆடுகிற அரங்கம் அது. பெரிய ஆட்டங்களுக்கு மாணவர் பகுதி சீக்கிரமே நிரம்பிவிடும். பக்கத்துக் கட்டடத்தில் தங்கியிருக்கும் பிள்ளை முன்கூட்டியே போய் வரிசையில் நிற்கும்.

டார்ம்

டார்மின் குறைகளை மறைக்கப் போவதில்லை. அறை சின்னது. இன்னொருவரோடு பகிர வேண்டும். அந்த இன்னொருவர் விளக்கை அணைக்காமல் இரண்டு மணி வரை விழித்திருப்பவராக இருக்கலாம். விடுதியில் சேர்ந்தால் பெரும்பாலும் உணவுத் திட்டத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். வார இறுதியில் வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைக்கு அதில் ஒரு பகுதி வீண்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டைனிங் ஹாலில் ஏதாவது கிடைக்கும், பட்டினி இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் ரசத்துக்கு ஏங்குவார்கள். அறையில் சமைக்கும் சாதனங்களுக்குப் பொதுவாக அனுமதி இருக்காது. மினி ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலை அம்மா கட்டிக்கொடுக்கும் டப்பாக்கள் புதன்கிழமை வரை தாங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்குகிறவர்களில் பலர் ஹூஸ்டன் பகுதிப் பிள்ளைகள்தான். அதனால் ஆட்டம் இல்லாத வெள்ளிக்கிழமை மாலைகளில் விடுதிகள் பாதி அடங்கிவிடும். அந்த விஷயத்தில் பழைய கம்யூட்டர் வழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. என் யோசனை, முதல் ஆறு வாரத்துக்கு வார இறுதியில் வீட்டுக்கு வர வேண்டாம் என்று நீங்களே பிள்ளையிடம் சொல்லிவிடுவது. இருபது மைலில் இருந்துகொண்டு பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது நமக்குக் கஷ்டம்தான். ஆனால் நட்புகள் உருவாவது அந்த ஆறு வாரத்தில்தான். ஒருநாள் சாயங்காலம் நீங்கள் போய், வெளியே அழைத்துச் சென்று, தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கட்டடம் என்று கேட்பவர்களுக்கு: வசதியைப் பார்க்காதீர்கள், முதலாண்டு மாணவர்கள் அதிகம் இருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். 1970இல் எழுந்த மூடி டவர்ஸ் என்ற பதினெட்டு மாடி இரட்டைக் கோபுரம் பழையது, நெருக்கமானது. ஆனால் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே பத்துப் பேரைத் தெரிந்துகொண்டவர்கள் பல தலைமுறையாக அங்கே உண்டு. எது எந்த வகுப்பினருக்கு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், மாறக்கூடியது.

இந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்றால், பெரிய விஷயங்களாக எதையும் காட்ட முடியாது. கணக்குப் புரியாதபோது எதிர் அறையில் கேட்கலாம். இரண்டு வகுப்புக்கு நடுவே அரை மணி தூங்கலாம். பேராசிரியரின் ஆலோசனை நேரம் மாலை நான்கு மணி என்றால் கவலையில்லாமல் போகலாம். சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்கு நடந்தே போகலாம், மாணவருக்கு அனுமதி அவர்கள் கட்டும் கட்டணத்திலேயே அடக்கம். மோதிர விரலை மடக்கி மற்ற விரல்களை உயர்த்தும் கூகர் சைகையை, பக்கத்தில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் சொல்லிக்கொடுப்பார். அதன் கதையையும் சொல்வார். 1953இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு முதல் ஆட்டத்துக்குப் போனபோது, அணியின் சின்னமான ஷாஸ்டா என்ற மலைச்சிங்கத்தின் பாதம் கூண்டுக் கதவில் சிக்கி ஒரு விரல் போனது. எதிரணி விரலை மடக்கிக் கேலி செய்தது. கேலியையே ஹூஸ்டன் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. 1976இல் அதே எதிரணியை 30–0 என்று வென்றார்கள். இந்தக் கதையை நானும் இங்கே எழுதிவிட்டேன். ஆனால் நாற்பதாயிரம் பேர் நடுவே நின்று கேட்டவருக்குத்தான் இது தன் கதையாகும்.

மகளா, மகனா

நம் வீடுகளில் பலர் மனதுக்குள் போடும் கணக்கு ஒன்று உண்டு. மகன் என்றால் டார்ம் பரவாயில்லை, மகள் என்றால் வீடுதான். பல்கலைக்கழகம் இருக்கும் தேர்ட் வார்டு பகுதியைப் பற்றிய பயமும் இதோடு சேர்ந்துகொள்ளும். இதை நான் ஏற்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு ஆய்வக வகுப்பு முடிந்து, பார்க்கிங் கராஜுக்குத் தனியே நடந்து, நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் தனியே ஓட்டிக்கொண்டு வருவது பாதுகாப்பா? அல்லது தோழிகளோடு பத்து நிமிடம் நடந்து, அட்டையைக் காட்டினால் மட்டுமே திறக்கும் கதவுக்குள் போவது பாதுகாப்பா? வளாகத்துக்குச் சொந்தக் காவல்துறை இருக்கிறது. இரவில் துணைக்கு வந்து கொண்டுவிடும் சேவை இருக்கிறது. மகளை வீட்டிலேயே வைத்திருக்கும் பெற்றோர் அவளை அந்தக் காரில்தான் தினமும் தனியாக விடுகிறார்கள்.

அபார்ட்மென்ட்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வளாகத்தை ஒட்டிக் கல்லன் ஓக்ஸ், கேம்பிரிட்ஜ் ஓக்ஸ் போன்றவை இருக்கின்றன. சமையலறை உண்டு, குக்கர் வைக்கலாம், உணவுத் திட்டம் தேவையில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு அருமையான ஏற்பாடு, குறிப்பாக நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்தால். முதலாண்டுக்கு மட்டும் நான் சொல்லமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டப்போவதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு வளாகத்தின் ஓரத்தில் ஒரு தனி வீடு என்பது, செலவையும் செய்துவிட்டு வீட்டுத் தனிமையையும் அனுபவிப்பதாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்க நேரடியாக வருகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வெளியே வீடு எடுப்பது வேறு கணக்கு. அவர்களுக்கு அதுவே ஒரு விடுதி.

எந்த ஆண்டு என்பதுதான் முக்கியம்

நிறையக் குடும்பங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். 'முதல் ஆண்டு சின்னப் பிள்ளை, வீட்டிலிருந்து போகட்டும், பழகிய பிறகு மூன்றாம் ஆண்டில் வேண்டுமானால் தங்கட்டும்' என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரும்போது மற்றவர்கள் குழுக்களாகிவிட்டிருப்பார்கள். அறை கிடைக்கும், உள்ளே நுழைய வழி கிடைக்காது. முதல் ஆண்டு தங்கிவிட்டு இரண்டாம் ஆண்டு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கோ, வளாகத்தில் எங்கே போய் உட்கார வேண்டும், யார் அறையில் பையை வைக்கலாம் என்று எல்லாம் தெரியும். அதன் பிறகு போய்வருவது பெரிய இழப்பாக இருக்காது. ஒரே தொகை, ஒரே ஓராண்டு. முன்னால் செலவழித்தால் அடுத்த மூன்று ஆண்டுக்கும் பயன் நீள்கிறது.

டாலஸ் பக்கம் பிளேனோவிலும் ஃப்ரிஸ்கோவிலும் இருப்பவர்களுக்கு யுடி டாலஸ் எனப்படும் டெக்சஸ் பல்கலைக்கழக டாலஸ் வளாகத்தின் விஷயத்தில் இதே கேள்வி வரும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனர்கள் ஆய்வு மையமாகத் தொடங்கி, 1969இல் அரசுப் பல்கலைக்கழகமான இடம் அது. முதலாண்டு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1990இல். முதல் டார்ம் திறந்தது 2009இல். கால்பந்து அணியே கிடையாது, செஸ் அணிக்குத்தான் அங்கே பெயர். ஆனாலும் டார்ம்கள் வந்த பிறகு அங்கேயும் வளாகம் மாறியது. மைதானம் இல்லாமலும் இது நடக்கும், கட்டில் இல்லாமல் நடக்காது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் என் பதில் இதுவேதான், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. ஆட்ட நாள் என்று ஊரைக் கூட்டும் ஒன்று இல்லாத இடத்தில், பக்கத்து அறைதான் எல்லாமே.

டார்ம் முடியவே முடியாது என்றால்

முதல் செமஸ்டரிலேயே வளாகத்துக்குள் ஒரு வேலை பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லைப்ரரியோ, மாணவர் மையமோ, உடற்பயிற்சிக் கூடமோ எதுவானாலும் சரி. வாரத்தில் பத்து மணி நேரம் அங்கே இருந்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும், பணமும் வரும். வகுப்புகளை இரண்டு நாளில் அடைக்காமல் நான்கு நாளுக்குப் பரப்பச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை வளாகத்தில் இருக்கட்டும். ரயில் பாதைக்கு அருகில் வீடு இருந்தால் காருக்குப் பதில் பர்ப்பிள் லைனைப் பார்க்கலாம், மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஒரே ஒரு சங்கத்தில் முழுமூச்சாக இறங்கினால் போதும், ஐந்தில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதைவிட அது மேல். ஹூஸ்டன் தமிழர்கள் நிதி திரட்டி இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக உழைத்தார்கள். அந்தத் தொடர்பில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கும் பிள்ளையை அனுப்புங்கள், பார்வையாளராக இல்லாமல் நாற்காலி போடுகிறவராக. வீட்டில் நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். ஏழு மணிக்கு 'எங்கே இருக்கே, சாப்பாடு ஆறுது' என்று போன் செய்வதை நிறுத்த வேண்டும்.

டார்ம் என்று முடிவானால், சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வேண்டிய கட்டடம் கோடைவரை காத்திருக்காது. ஒப்பந்தம் பொதுவாகக் கல்வியாண்டு முழுமைக்கும் என்பதால் டிசம்பரில் 'பிடிக்கவில்லை, வீட்டுக்கு வருகிறேன்' என்றால் அபராதம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் ரத்து விதிகளைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நிதி உதவி அலுவலகத்திலும் கேளுங்கள். வீட்டிலிருந்து வருகிற மாணவருக்கும் வளாகத்தில் தங்குகிற மாணவருக்கும் செலவு மதிப்பீட்டை வேறு வேறாகப் போடுவார்கள். தங்குவதாகத் தெரிவித்தால் கிடைக்கும் உதவித் தொகை மாறக்கூடும்.